ஊதுகிற டெஸ்டுக்குப் போகும் முன்

ஸ்பின்னிங் மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் 26 வருஷம் பஞ்சுத் தூசி தின்றவன் நான். மூச்சு வாங்குகிறது என்று போனதும் டாக்டர் ஸ்பைரோமெட்ரி எழுதிக் கொடுத்தார். குழாயில் ஊதி, எவ்வளவு காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று அளக்கிற டெஸ்ட் அது. முதல் தடவை காசும் அரை நாளும் வீண். காலையில் வழக்கம்போல மூச்சுக்கான பம்பில் (இன்ஹேலர்) இரண்டு பஃப் மருந்து இழுத்துவிட்டுப் போயிருந்தேன்.

மருந்துக்கு முன்னால் மூச்சுக்குழாய் எப்படி இருக்கிறது, மருந்துக்குப் பின் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்கத்தான் எனக்கு அந்த டெஸ்ட். வீட்டிலேயே திறந்துவிட்டுப் போனால் எதோடு எதை ஒப்பிடுவது? மூச்சு இறுக்கும்போது சட்டென்று திறக்க இழுக்கிற சால்புடமாலை 4 முதல் 6 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீண்ட நேரம் வேலை செய்கிற ஃபார்மோடெரால் அல்லது சால்மெடெரால் கலந்த பம்ப் என்றால் 24 மணி நேரம். தினமும் எடுத்துவரும் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும் எடுக்கும் டெஸ்டுக்கு நிறுத்தவே வேண்டாம் என்பதும் உண்டு. அதனால் தேதி வாங்கும்போதே பம்பைக் காட்டிக் கேளுங்கள். இடையில் மூச்சு இறுக்கினால் யோசிக்காமல் இழுங்கள். டெஸ்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே பீடியும் கூடாது, பஸ்ஸுக்கு ஓடுவதும் கூடாது. பெல்ட்டைத் தளர்த்துங்கள். ஆடாத பல்செட் வாயிலேயே இருக்கட்டும். சமீபத்தில் மாரடைப்பு, கண் ஆபரேஷன், டிபி, இருமலில் ரத்தம் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயதும் உயரமும் வைத்துத்தான் நமக்கு இவ்வளவு வரவேண்டும் என்று மெஷின் கணக்குப் போடும். செருப்பைக் கழற்றி நில்லுங்கள். சர்டிபிகேட் வயதை விட்டு நிஜ வயதைச் சொல்லுங்கள். எனக்கு இரண்டுக்கும் இரண்டு வருஷ வித்தியாசம்.

அப்புறம் ஊதுவது. மூக்கில் கிளிப் மாட்டினார்கள். நான் கன்னம் உப்ப ஊதினேன். "பலூன் ஊதாதீங்கண்ணா" என்றது டெக்னீஷியன் பொண்ணு. நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டைக் குழாயில் இறுக்கி, எடுத்த எடுப்பிலேயே வெடித்த மாதிரி விடவேண்டும். அங்கேதான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறோம். காற்று தீர்ந்தது போலத் தோன்றினாலும், அவர்கள் போதும் என்கிறவரை தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மூன்று ஊதல் கிடைக்கும்வரை விடமாட்டார்கள். எட்டு தடவைகூட ஆகலாம். தலை சுற்றினால் சொல்லி ஓய்வெடுங்கள். பிறகு நாலு பஃப் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி முதலிலிருந்து.

ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைத் தேடுங்கள்: முதல் நொடியில் வெளிவந்த காற்றை மொத்தக் காற்றால் வகுத்தது. மருந்துக்குப் பிறகும் 0.70க்குக் கீழே என்றால் குழாயில் அடைப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு 0.62. அடுத்த வருஷம் ஒப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், ரேஷன் கார்டு இருக்கிற கவரிலேயே அதையும் போட்டு வைத்திருக்கிறேன்.