பழைய பிஎஸ்பியில் இணைய உலாவி: இன்று அமைத்துப் பயன்படுத்தும் முறை

இழுப்பறையில் பல ஆண்டுகள் கிடந்த பிஎஸ்பியை, அதாவது சோனி நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கருவியை, எடுத்து, சார்ஜ் ஏற்றி, அதிலுள்ள இணைய உலாவியைத் திறந்து பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பத்து நிமிடத்தில் அதை மூடிவிடுகிறார்கள். வீட்டு வைஃபையுடன் அது இணைவதில்லை; இணைந்தாலும் தளங்கள் திறப்பதில்லை; தப்பித்தவறித் திறக்கும் பக்கமும் நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்புடன் பாதியில் நின்றுவிடுகிறது. உலாவி பழுதாகிவிட்டது என்று நினைப்பது இயல்பே. ஆனால் உலாவி முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது. வீட்டு வைஃபையும் இணையமும்தான் அதைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டன. ஆகவே இன்றைய தளங்களை நோக்கி அந்த உலாவியை இழுத்துச் செல்ல முயல்வதைவிட, அதற்கு ஏற்ற பக்கங்களை அதனிடம் கொண்டுவந்து சேர்ப்பதே பலன் தரும் வழி என்பது என் அனுபவம். கீழே சொல்லப்படுபவை அந்த நோக்கில் எழுதப்பட்டவை.

முதலில் சரிபார்க்க வேண்டியவை

பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதில் உலாவி இல்லை. வைப்அவுட் ப்யூர் என்ற விளையாட்டில், கூடுதல் தடங்களைப் பதிவிறக்குவதற்கென்று ஒரு சிறு உலாவி உள்ளே வைக்கப்பட்டிருந்தது. தளத்தின் பெயரை வைத்து அதன் இருப்பிடத்தைச் சொல்லும் டிஎன்எஸ் சேவையகத்தின் முகவரியை ஆர்வலர்கள் மாற்றிக்கொடுத்து அதையே வலைப்பக்கங்களைப் பார்க்கும் கருவியாக்கிக்கொண்டார்கள். 2005 ஜூலை இறுதியில் ஜப்பானிலும் ஆகஸ்டில் அமெரிக்காவிலும் வெளியான 2.00 பதிப்பு மென்பொருளுடன்தான் முறையான உலாவி வந்தது. ஜப்பானின் ஆக்சஸ் நிறுவனம் உருவாக்கிய நெட்ஃபிரண்ட் என்ற உலாவி அது. பிஎஸ்பிக்குக் கடைசியாக வந்த மென்பொருள் 6.61, 2015 ஜனவரியில் வெளியானது. உங்கள் கருவியில் இருப்பது எது என்பதை செட்டிங்ஸ், சிஸ்டம் செட்டிங்ஸ், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற வரிசையில் சென்று பார்க்கலாம். கருவியை வலையமைப்பில் அடையாளம் காட்டும் மேக் முகவரியும் அங்கேயே காட்டப்படும்.

இ1000 என்ற எண்ணுடன் 2011-இல் வந்த மலிவு விலை மாடலில் வைஃபையே கிடையாது. மற்ற மாடல்களில் வைஃபைக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. 1000 வரிசையில் அது இடப்பக்க விளிம்பிலும், 2000, 3000 வரிசைகளில் மேல் விளிம்பிலும் இருக்கும். "இணையவே இல்லை" என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட கருவிகளில் சில, இந்தச் சுவிட்ச் அணைந்திருந்ததால் மட்டுமே இணையாமல் இருந்தன. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பின்மூடியைக் கழற்றி பேட்டரியைப் பாருங்கள். பழைய லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் அதற்கு ஒருபோதும் சார்ஜ் ஏற்றக்கூடாது. குத்தவோ அழுத்தவோ கூடாது. குப்பையில் எறியாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.

வைஃபை இணைப்பு

பெரும்பாலான தோல்விகள் நேரும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிஎஸ்பியில் இருப்பது 802.11பி வகை வைஃபை. அதன் உச்ச வேகம் நொடிக்கு 11 மெகாபிட், அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கினாலோ, 802.11பி ஆதரவு நிறுத்தப்பட்டிருந்தாலோ பிஎஸ்பியின் தேடல் பட்டியலில் உங்கள் வைஃபையின் பெயரே தென்படாது. பெயர் தென்பட்டும் இணைய மறுத்தால் காரணம் பாதுகாப்பு முறையாக இருக்கும். பிஎஸ்பிக்குத் தெரிந்தவை டபிள்யூஇபி, டபிள்யூபிஏ ஆகிய இரண்டு பழைய பாதுகாப்பு முறைகள்தான். 2006 மார்ச் முதல் புதிதாகச் சான்று பெறும் வைஃபை கருவிகள் அனைத்துக்கும் அவற்றின் அடுத்த பதிப்பான டபிள்யூபிஏ2 கட்டாயமாக்கப்பட்டது. பிஎஸ்பியோ அதற்கு முன்பே பிறந்துவிட்டது. டபிள்யூபிஏ2 மட்டும் என்று அமைக்கப்பட்ட ரூட்டருடன் அது எத்தனை முறை முயன்றாலும் இணையாது.

இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு, வீட்டு ரூட்டரின் பாதுகாப்பை டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 கலப்பு முறைக்கு மாற்றிவிடுவது அல்லது கடவுச்சொல்லையே எடுத்துவிடுவது. இரண்டாவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். சில நிமிடங்களில் உடைக்கப்படக்கூடிய டபிள்யூஇபியும் கடவுச்சொல் இல்லாததற்கு நிகர்தான். வங்கிக் கணக்கு பார்க்கும் கைப்பேசியும் பிள்ளைகள் படிக்கும் மடிக்கணினியும் இணைந்திருக்கும் ஒரு வைஃபையை, ஒரு விளையாட்டுக் கருவிக்காகப் பலவீனமாக்குவது நியாயமில்லை. கலப்பு முறை அவ்வளவு மோசமில்லை என்றாலும், 802.11பி கருவி ஒன்று பேசும்போதெல்லாம் அதே அலைவரிசையிலுள்ள மற்றக் கருவிகள் காத்திருக்க நேர்வதால், வீட்டின் ஒட்டுமொத்த வேகமும் குறையும்.

நான் பரிந்துரைப்பது பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிவைத்த பழைய ரூட்டர் ஒன்றை. பிராட்பேண்ட் நிறுவனம் மாறும்போது பரணில் ஏற்றப்பட்ட ரூட்டர் பல வீடுகளில் இருக்கும். அதை இணையத்துடன் இணைக்காமல், மின்சாரம் மட்டும் கொடுத்து, டபிள்யூபிஏ பாதுகாப்பும் நீளமான ஒரு தனிக் கடவுச்சொல்லும் அமைத்து, ஒரு கம்பி மூலம் கணினியுடன் இணைத்துவிட்டால், பிஎஸ்பிக்கென்றே ஒரு சிறு வலையமைப்பு கிடைத்துவிடுகிறது. வெளியுலகத் தொடர்பு இல்லாததால் வீட்டு வைஃபைக்கு இதனால் எந்த ஆபத்தும் இல்லை. இணையமும் வேண்டும் என்றால் மட்டும், முதன்மை ரூட்டரின் விருந்தினர் வலையமைப்பில் கலப்பு முறையை அமைத்துப் பார்க்கலாம். ஆனால் விருந்தினர் வலையமைப்பில் கருவிகள் ஒன்றையொன்று காண முடியாதபடி பெரும்பாலும் தடுக்கப்பட்டிருக்கும் என்பதால், பின்னால் சொல்லப்போகும் வீட்டுக் கணினிப் பக்கங்கள் அதன் வழியாகத் திறக்காமல் போகலாம்.

பிஎஸ்பியில் செய்ய வேண்டியது எளிது. செட்டிங்ஸ் பகுதியில் நெட்வொர்க் செட்டிங்ஸ், அதில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மோட், அதில் நியூ கனெக்‌ஷன் என்று சென்று ஸ்கேன் கொடுங்கள். வைஃபையின் பெயரையும் பாதுகாப்பு முறையையும் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டுடன் இட்டு, முகவரி அமைப்பை ஈஸி என்றே விட்டுவிட்டுச் சேமிக்கலாம். இறுதியில் வரும் சோதனையில் ஐபி முகவரி (வலையமைப்பில் கருவிக்குக் கிடைக்கும் எண்) காட்டப்பட்டால் ரூட்டருடன் இணைந்துவிட்டது என்று பொருள். இணையமில்லாத பழைய ரூட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கு இணையச் சோதனை தோல்வி என்றே காட்டும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

உலாவியைக் கையாளுதல்

நெட்வொர்க் பகுதியில் இன்டர்நெட் பிரவுசர் என்பதைத் திறந்தால் உலாவி வரும். அனலாக் குச்சி சுட்டியை நகர்த்தும். திசைப் பொத்தான்கள் ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புக்குத் தாவும். எக்ஸ் பொத்தான் தேர்ந்தெடுக்கும். ஜப்பானிலிருந்து வந்த கருவியாக இருந்தால் எக்ஸுக்குப் பதிலாக வட்டப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். சதுரப் பொத்தானை அழுத்தியபடி குச்சியைத் தள்ளினால் பக்கம் நகரும். எல் பொத்தான் முந்தைய பக்கத்துக்கும் ஆர் பொத்தான் அடுத்த பக்கத்துக்கும் கொண்டுசெல்லும். முக்கோணப் பொத்தான் மெனுவைத் திறக்கும். முகவரி இடுவது, புக்மார்க், சேமிப்பு, அமைப்புகள் எல்லாம் அங்கே உள்ளன. ஒரே நேரத்தில் மூன்று பக்கங்கள் வரை திறந்து வைக்கலாம்.

திரையின் அளவு 480க்கு 272 பிக்சல். ஆகவே பக்கம் எப்படிக் காட்டப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மூன்று முறைகளை அறிந்துவைப்பது முக்கியம். நார்மல் முறை பக்கத்தை உள்ளபடியே காட்டும்; அகலமான பக்கமாக இருந்தால் இடம் வலமாக நகர்த்தி நகர்த்திப் படிக்க நேரும். ஜஸ்ட் ஃபிட் முறை பக்கத்தைத் திரைக்குள் அடங்குமாறு ஒடுக்கும். ஸ்மார்ட் ஃபிட் முறை எல்லாவற்றையும் ஒரே பத்தியாக, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடும். நீளமான கட்டுரைகளைப் படிக்க இதுவே சிறந்தது, ஆனால் அட்டவணைகள் இதில் குலைந்துபோகும்.

1000 வரிசையின் மொத்த நினைவகமே 32 மெகாபைட். அடுத்து வந்தவற்றில் 64. இன்றைய செய்தித் தளம் ஒன்றின் முகப்பைத் திறப்பதற்கு இது எந்த வகையிலும் போதாது. மெனுவில் படங்களைக் காட்டாதே என்று அமைப்பதும், ஜாவாஸ்கிரிப்டை நிறுத்துவதும், ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைப்பதும் நினைவகம் போதாத தொல்லையைப் பெரிதும் குறைக்கும். இன்னொரு வரம்பையும் சொல்ல வேண்டும். நின்டென்டோ 3டிஎஸ் கருவியில் விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டு உலாவியைத் திறந்து பார்த்துத் திரும்ப முடியும். பிஎஸ்பியில் அந்த வசதி இல்லை. விளையாட்டிலிருந்து முழுமையாக வெளியேறினால்தான் உலாவிக்கு வரலாம். எனவே முன்னேற்றத்தைச் சேமித்த பிறகே வெளியேறுங்கள்.

எந்தத் தளங்கள் திறக்கும்

இன்றைய தளங்களில் மிகப் பெரும்பாலானவை, இடையில் எவரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பை மட்டுமே ஏற்கின்றன. பிஎஸ்பி உலாவிக்குத் தெரிந்த மறையாக்கம் டிஎல்எஸ் என்ற முறையின் பழைய 1.0 பதிப்பு வரைதான். அதன் குறைபாடுகள் காரணமாகப் புதிய உலாவிகளும் சேவையகங்களும் அதைக் கைவிட்டன. 2021 மார்ச்சில் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பும் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று முறைப்படி அறிவித்தது. ஆகவே மின்னஞ்சல், வங்கி, சமூக ஊடகம் ஆகியவை திறக்காதது உங்கள் தவறால் அன்று. ஏதேனும் ஒரு தளம் திறந்து உள்நுழையக் கேட்டாலும் கடவுச்சொல்லை இடாதீர்கள். பல ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் பெறாத உலாவி இது.

மறையாக்கம் இல்லாத பழைய எச்டிடிபி முறையில் இன்றும் இயங்கும் எளிய தளங்கள் உண்டு. பழைய கணினிகளுக்காகவே நடத்தப்படும் ஃபிராக்ஃபைண்ட் என்ற தேடல் தளம், தேடிக் கிடைத்த பக்கங்களை எழுத்து மட்டும் எஞ்சும்படி சுருக்கித் தருகிறது. அதுபோன்ற ஒன்றை முகப்புப் பக்கமாக வைத்துக்கொள்வது நல்ல தொடக்கம். கணினி நுட்பம் அறிந்தவர்கள் வெப்ஒன் போன்ற இடைநிலை மென்பொருளைக் கணினியில் நிறுவி, பிஎஸ்பியின் இணைப்பு அமைப்பில் அந்தக் கணினியை ப்ராக்ஸியாக, அதாவது இடைத்தரகராக, கொடுக்கலாம். கணினி புதிய மறையாக்கத்தில் தளத்துடன் பேசி, பிஎஸ்பிக்குப் புரியும் வடிவில் பக்கத்தைக் கொடுக்கும்.

சொந்தப் பக்கங்கள்

இந்த உலாவிக்கு உண்மையான இரண்டாம் வாழ்வு இங்கேதான் இருக்கிறது. யூஎஸ்பி கம்பி மூலம் பிஎஸ்பியைக் கணினியுடன் இணைத்து, அதன் சேமிப்பு அட்டையான மெமரி ஸ்டிக்கிலுள்ள பிஎஸ்பி என்ற கோப்புறைக்குள் காமன் என்ற கோப்புறையில், எச்டிஎம்எல் என்ற வலைப்பக்க வடிவில் எழுதிய உங்கள் பக்கங்களை இடுங்கள். முகவரிப் பட்டையில் எச்டிடிபி என்பதற்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஃபைல் என்று தொடங்கி, ஒரு முக்காற்புள்ளியும் சாய்கோடும் இட்டு, அந்தக் கோப்புறைகளின் பெயர்களையும் கோப்பின் பெயரையும் சாய்கோட்டால் பிரித்து எழுதினால் பக்கம் திறக்கும். வைஃபை தேவையில்லை, ரூட்டர் தேவையில்லை. ஒருமுறை திறந்ததும் புக்மார்க் செய்துவிட்டால் மறுபடி முகவரியைத் தட்டும் சிரமமும் இல்லை. விளையாட்டுக் குறிப்புகள், பயண விவரங்கள், சமையல் குறிப்புகள், பிள்ளைகளுக்கான வினா விடை என்று எதை வேண்டுமானாலும் இப்படி எடுத்துச் செல்லலாம்.

அடிக்கடி மாறும் பக்கங்கள் என்றால் கணினியிலிருந்தே வழங்குவது வசதி. பைத்தான் என்ற நிரல்மொழியில் உள்ளேயே அமைந்திருக்கும் சிறு வலைச் சேவையகத்தை ஒரே கட்டளையில் இயக்கலாம்; வழக்கமாக அது 8000 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயில் எண்) இயங்கும். கணினியின் ஐபி முகவரியையும் முக்காற்புள்ளிக்குப் பின் அந்த எண்ணையும் பிஎஸ்பியில் இட்டால், முன்பு சொன்ன பழைய ரூட்டர் வழியாகப் பக்கம் வந்துசேரும்.

பக்கங்களை எழுதும்போது அகலத்தை 480 பிக்சலுக்குள் வையுங்கள். படங்களை அந்த அளவுக்குச் சுருக்கி ஜேபெக் வடிவில் சேமியுங்கள். ஒரே நீளமான பக்கமாக இல்லாமல் சிறு சிறு பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் கீழும் முந்தையது, அடுத்தது என்று இணைப்புக் கொடுங்கள். திசைப் பொத்தானால் தாவுவதற்கு அது மிகவும் உதவும்.

தமிழில் எழுத விரும்புபவர்களுக்கு ஒரு தடை உண்டு. பிஎஸ்பியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஒருங்குறித் தமிழ் வெறும் கட்டங்களாகவோ வெற்றிடமாகவோதான் தெரியும். தமிழ்ப் பகுதியைப் படமாக மாற்றி இடுவதே இதற்கு வழி. கணினியில் 480 பிக்சல் அகலத்தில் தமிழ் உரையைத் தட்டி, கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணியில் பிஎன்ஜி அல்லது ஜிஃப் படமாகச் சேமித்தால் எழுத்தின் விளிம்புகள் தெளிவாக இருக்கும். ஜேபெக் வடிவம் எழுத்தைச் சுற்றிக் கறை படிந்ததுபோல் காட்டும். என் தாயார் சொல்லச் சொல்ல எழுதிய சமையல் குறிப்புகளை இந்த முறையில்தான் என் 2000 வரிசைக் கருவியில் வைத்திருக்கிறேன். கொம்பும் காலும் புள்ளியும் பிசகாமல் தெரிய, எழுத்தின் உயரம் ஏறத்தாழ 20 பிக்சலாவது இருக்க வேண்டும் என்பதைப் பல அளவுகளில் செய்துபார்த்துக் கண்டுகொண்டேன்.

உலாவியைப் பயன்படுத்தி முடித்ததும் வைஃபை சுவிட்சை அணைத்துவிடுங்கள். 2000, 3000 வரிசைகளின் பேட்டரி 1200 மில்லிஆம்பியர்மணி மட்டுமே என்பதால் அதற்குத் தேவையற்ற சுமை கொடுக்கக்கூடாது. கருவியை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால், உலாவியின் டூல்ஸ் பகுதியில் குக்கீ, கேச், உள்ளீட்டு வரலாறு ஆகியவற்றையும், நெட்வொர்க் செட்டிங்ஸில் சேமித்துவைத்த வைஃபை இணைப்பையும் அழித்த பிறகே கொடுங்கள்.