கச்சேரிக்கு வந்த ஹெலிகாப்டர்: போர்முனை மேடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1966 ஆகஸ்ட் 18. தென் வியட்நாமில் நூய் டாட் என்ற ஆஸ்திரேலியப் படைமுகாம். ஆஸ்திரேலிய ராக் பாடகர் கோல் ஜாயும் அவருடைய ஜாய் பாய்ஸ் குழுவும் வீரர்களுக்காகப் பாட வந்திருந்தார்கள். உடன் வந்த பாடகியின் பெயர் லிட்டில் பாட்டி. பெயரைக் கேட்டு வெற்றிலை இடிக்கும் பாட்டியை நினைத்துவிட வேண்டாம், அவருக்கு வயது 17. அதே நாளில் 'டி கம்பெனி' என்ற படைப்பிரிவின் வீரர்கள் 108 பேர் முகாமைவிட்டுக் காட்டுப் பக்கம் கிளம்பினார்கள். முதுகுக்குப் பின்னால் இசை கேட்டது. கச்சேரி போச்சே என்ற எரிச்சலோடு நடந்தவர்கள், மாலையில் லாங் டான் ரப்பர்த் தோட்டத்தில் தங்களைப் போலப் பல மடங்கு பெரிய எதிரிப் படையிடம் சிக்கினார்கள். அந்தச் சண்டையில் 18 ஆஸ்திரேலியர்கள் இறந்தார்கள்.

போர்முனைக்குப் போகும் ராக் குழுக்கள் எங்கே சறுக்குகின்றன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாள்தான் நினைவுக்கு வரும். மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டுமே ரசிகர்கள் என்று எண்ணுவது முதல் சறுக்கல். பாட்டு யாருக்கு மிகவும் தேவையோ, அவர்கள் பெரும்பாலும் முள்வேலிக்கு வெளியே இருப்பார்கள். பெரிய தளத்தில் ஒரே ஒரு பிரம்மாண்ட நிகழ்ச்சி நடத்தினால் புகைப்படம் நன்றாக வரும், அவ்வளவுதான். அமெரிக்க இராணுவம் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது. வாசிக்கத் தெரிந்த சிப்பாய்களையே பொறுக்கியெடுத்துக் குழுக்களாக்கி, சிறு காவல்தளங்களுக்கு அனுப்பி வைத்தது. அங்கே போக வேண்டுமானால் மூட்டை சிறியதாக இருக்க வேண்டும். 1968இல் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனே தன் முழு இசைக்குழுவை ஊரில் விட்டுவிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடுதான் வியட்நாம் போனார்.

அடுத்தது, வந்து இறங்கிய வண்டி நமக்கானது என்ற நினைப்பு. கலைஞர்களை நூய் டாட்டுக்கு ஏற்றிவந்த ஆஸ்திரேலிய விமானப்படையின் இரண்டு இராக்குவா ஹெலிகாப்டர்கள் அன்று மாலை அங்கேயே நின்றிருந்தன. டி கம்பெனிக்குத் தோட்டா தீர்ந்துகொண்டிருந்தது. கொட்டும் பருவமழையில் அந்த இரண்டும்தான் கிளம்பின. காயம்பட்டவர்களுக்கான போர்வைகளில் சுற்றிய தோட்டாப் பெட்டிகளை, மரங்களின் தலையை உரசும் உயரத்தில் நின்று கீழே தள்ளின. சற்று முன்பு ஒரு பாட்டுக் குழுவைச் சுமந்து வந்த ஹெலிகாப்டர்கள்! லிட்டில் பாட்டியின் மூன்றாவது நிகழ்ச்சி பாதியிலேயே நின்றுபோனது. அவரை வேறிடத்துக்குப் பறக்கவைத்தார்கள். வானிலிருந்து பார்த்தபோது கீழே துப்பாக்கிச்சூடு செம்மஞ்சள் புள்ளிகளாகத் தெரிந்ததைப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். முகாமில் "எங்கள் வண்டி எத்தனை மணிக்கு?" என்று நச்சரிக்கும் மேலாளரைக் கூட்டிப்போகாமல் இருப்பது நல்லது.

கச்சேரிச் சத்தம்தான் எதிரியை இழுத்து வந்தது என்று இந்தக் கதையைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது தவறு. அதற்கு இரண்டு இரவுகளுக்கு முன்பே முகாமின்மீது எறிகணைகள் விழுந்துவிட்டன. எறிந்தவர்களைத் தேடும் வேலையின் தொடர்ச்சியாகத்தான் டி கம்பெனியே வெளியே போனது. ஆனால் சத்தத்தில் வேறொரு ஆபத்து உண்டு. ஆம்ப்ளிஃபயர் முழங்கும்போது மேடையில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கைச் சங்கு கேட்காது, டிரம்ஸ்காரருக்கு நிச்சயம் கேட்காது. எனவே வாசிக்காத ஒருவர் மேடையோரம் நின்று, பொறுப்பதிகாரியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கை உயர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது அவர் வேலை. "இந்த ஒரு சரணம் முடியட்டும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

மின்சாரம் என்றதும் எனக்குக் கை பரபரக்கிறது. நம் ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி கேட்ட எவருக்கும் ஜெனரேட்டர் மூச்சுவாங்குவது என்றால் என்னவென்று தெரியும். விளக்கு மங்குவதோடு தொல்லை நிற்பதில்லை. அக்காலக் குழுக்கள் வாசித்த ஹாமண்ட் ஆர்கன் என்ற மின் விசைப்பலகைக் கருவியின் உள்ளே பற்சக்கரங்கள் சுழன்றுதான் சுரம் பிறக்கிறது. அவற்றைச் சுழற்றும் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஆர்கனை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். பாரம் தாங்காத ஜெனரேட்டர் 57க்குத் தளர்ந்தாலே ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் போய்விடும். கிதார் தன் சுருதியில் நிற்கும், ஆர்கன் கீழே வழுக்கும், நடுவில் பாடகி தன் தொண்டையைச் சந்தேகிப்பார். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்துக்குச் சுருதி மாறாத டிரான்சிஸ்டர் ஆர்கனை எடுத்துப்போவது ஒரு வழி. அது இல்லையென்றால், எல்லா விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் போட்டு முழுப் பாரம் ஏற்றிய பிறகே ஆர்கனுக்குக் கிதாரைச் சுருதி சேர்க்க வேண்டும். சமையற்கூடமும் அதே ஜெனரேட்டரில் ஓடுகிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். வெப்பமும் ஈரமும் கம்பிகளைத் துருவாக்கும். கம்பி, ஃபியூஸ், ஆம்ப்ளிஃபயர் வால்வு எல்லாவற்றிலும் உபரி கையில் இருக்கட்டும், அங்கே கடை கிடையாது.

காவல் விஷயத்தில் கண்கள் வேலிக்கு வெளியேதான் போகும். 1969 ஜூலை 20 அன்று டா நாங் அருகே அமெரிக்க மரைன் படையின் கிளப் ஒன்றில், கேத்தி வெய்ன் என்ற 19 வயது ஆஸ்திரேலியப் பாடகி மேடையிலேயே சுடப்பட்டு இறந்தார். சுட்டதாக அமெரிக்க சார்ஜென்ட் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. மறுவிசாரணையில் அவர் விடுவிக்கப்பட்டார். மதுவும் துப்பாக்கியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில், ஆயுதங்களை வாசலில் வாங்கி வைத்த பிறகே பாடுவோம் என்று சொல்ல வெட்கப்படக் கூடாது. மேடை எந்த ஜன்னலைப் பார்த்திருக்கிறது என்பதையும் ஒருமுறை கவனியுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள், திரும்பும் டிக்கெட் உங்கள் பையில் இருக்கட்டும். வியட்நாமின் இராணுவக் கிளப்புகளில் இசைக்குழு அமர்த்துவதற்குக் கைமாறிய லஞ்சம் அமெரிக்க செனட் துணைக்குழுவின் விசாரணை வரை போனது.

கடைசியாகப் பாட்டுத் தேர்வு. வீரர்கள் என்றால் வீரப்பாட்டு என்று கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏமாறுவார்கள். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓயாமல் கேட்டது தி அனிமல்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1965ஆம் ஆண்டுப் பாடல், 'வீ காட்டா கெட் அவுட் ஆஃப் திஸ் பிளேஸ்'. இந்த இடத்தைவிட்டு எப்படியாவது போய்விட வேண்டும் என்பதுதான் அதன் பல்லவி. அதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள், கூட்டமே உங்களுக்காகப் பாடிவிடும். ஆனால் அதைப் பாடி முடித்த கையோடு, "நாளைக் காலை எங்களுக்கு விமானம்" என்று மட்டும் மைக்கில் சொல்லிவிடாதீர்கள்.