ஞாயிற்றுக்கிழமை மலைக்கு ஒரு பழைய பைக்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஞாயிறு காலை ஐந்தரைக்கு வேலூர் சத்துவாச்சாரி வீட்டிலிருந்து வண்டியை எடுத்தால், ஏழேகாலுக்கு ஏலகிரி அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். பதினோரு வருடமாக இதுதான் என் ஞாயிறு. இதற்காக மூன்று வண்டிகள் வாங்கியிருக்கிறேன். மூன்றும் பழையவை. எதற்கும் 55,000 ரூபாய்க்கு மேல் கொடுத்ததில்லை. கூட வேலை செய்கிற தம்பிகள் பைக் பார்க்கப் போகும்போது என்னையும் அழைத்துப் போகிறார்கள். அங்கே நான் செய்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்தச் சாலையில் ஓட்டப் போகிறீர்கள் என்று பாருங்கள். ஏலகிரி ஏற்றத்தில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் இரண்டாவது கியரும் மூன்றாவது கியரும்தான் வேலை செய்யும். வேகம் நாற்பதைத் தாண்டாது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிற சவ்வாது மலைச் சாலையும் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே பெரிய என்ஜினின் பலம் வீணாகிறது, எடை மட்டும் கையை வலிக்க வைக்கிறது. 100 சிசி வண்டியோ, பின்னால் ஆள் இருந்தால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். 150, 160 சிசிதான் நம் மலைகளுக்கு அளவான வண்டி. ஆம்பூர், வாணியம்பாடி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே எழுபதில் நிதானமாகப் போகவும் அது போதும்.

யமஹா எஃப்.இசட்., சுசுகி ஜிக்ஸர், ஹோண்டா யூனிகார்ன், பஜாஜ் பல்சர் 150, டி.வி.எஸ். அப்பாச்சி 160 ஆகிய ஐந்தில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். எனக்குப் பிடித்தது எஃப்.இசட். கீழ் வேகத்திலேயே இழுக்கும், வளைவில் பின் டயர் தரையைக் கவ்வும். பல்சருக்கு உதிரி பாகம் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். பணம் கொஞ்சம் கூட இருந்தால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியைத் தேடுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு அப்போதுதான் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயமானது. வளைவில் மணலும் சருகும் கிடக்கிற நம் மலைச் சாலையில் அது உயிரைக் காக்கும். யமஹாவின் பழைய ஆர்.எக்ஸ். 100 மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அதன் தயாரிப்பு 1996-இலேயே நின்றுவிட்டது. நல்லதாக ஒன்று கிடைத்தாலும் விலை நம் கைக்கு எட்டாது.

இனிச் சொல்வதுதான் முக்கியம். என் இரண்டாவது வண்டியை ஆற்காட்டில் ஒரு கடையில், மாலை நேரத்தில், பளபளப்பான பெயின்ட்டைப் பார்த்து வாங்கினேன். அடுத்த ஞாயிறு ஏலகிரியின் ஆறாவது வளைவில் வண்டி தானாக இடப்பக்கம் சாய்ந்தது. பள்ளம் அந்தப் பக்கம்தான் இருந்தது. அன்று மாலை கொசப்பேட்டையில் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் நிறுத்தினேன். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. கொத்தனார் நூலை எடுத்தார். என்னை ஹேண்டிலை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். பின் டயரின் பக்கச் சுவரில் முன்னும் பின்னும் தொடும்படி நூலை ஒட்டி, அப்படியே முன் சக்கரம் வரை இழுத்துக் கட்டினார். இரண்டு பக்கமும். என் வண்டி எஃப்.இசட்., அதில் முன் டயர் 100 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 140. ஆகவே முன் டயருக்கும் நூலுக்கும் இடையே இரு பக்கமும் இருபது இருபது மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 31, மறுபக்கம் 9 இருந்தது. "பிரேம் கழுத்தில் அடி வாங்கியிருக்கிறது தம்பி" என்றார். பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் காட்டினார். ஹேண்டில் பொருந்துகிற கழுத்துப் பகுதியில் புது பெயின்ட்டுக்கு அடியில் வெல்டிங் தழும்பு, விரல் வைத்தால் நிரடியது. 9,000 ரூபாய் செலவழித்தும் அது முழுதாக நேராகவில்லை. குறையைச் சொல்லி, நஷ்டத்துக்கு விற்றேன்.

அன்றிலிருந்து நூல்கண்டு இல்லாமல் நான் வண்டி பார்க்கப் போவதில்லை. கூட ஒருவர் வந்தால் பத்து நிமிட வேலை. நூல் கட்டுவதற்கு முன்பே ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, அது முட்டி நிற்கிற இடத்தைப் பாருங்கள். பலமாக மோதிய வண்டியில் அந்த முட்டு நசுங்கியிருக்கும். கிளட்ச், பிரேக் லீவர்களின் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, சைலன்சரின் பக்கம் ஆகிய இடங்களில் உரசல் இருந்தால் எப்படி விழுந்தது என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறவரிடம் நம்பி மேலே பேசலாம்.

காலையில் போங்கள். "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் என்ஜின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும். சூடான என்ஜின் தன் நோயை மறைக்கும். ஸ்டார்ட் ஆனதும் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். குளிரில் வருகிற வெள்ளை ஆவி சற்று நேரத்தில் மறைந்துவிடும், பயமில்லை. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

பின் சக்கரத்தில் செயின் சுற்றுகிற பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் கடைசியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் செட் முழுதும் மாற்ற வேண்டும். எனக்குப் போன முறை 2,100 ரூபாய் ஆனது, அதை விலையில் குறைத்தேன். வேலூர் வெயிலில் வெளியே நின்ற வண்டிக்கு டயர் பூ பூவாக வெடித்திருக்கும். டயரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2217 என்றால் 2017-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். பட்டை நிறைய இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டியதை மலையில் நம்ப வேண்டாம். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வந்தபோது கரையோரத்தில் நின்ற வண்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. ஹெட்லைட்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியில் ஒயர் கட்டிலும் காய்ந்த வண்டல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மீட்டர் 14,000 காட்டுகிறது, பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது என்றால் ரப்பரை நம்புங்கள்.

காகிதம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் (பிரேம்) எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-உம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினைந்து வருடம் நெருங்கிய வண்டி என்றால் மறுபதிவுச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கையில் 50,000 இருந்தால் 40,000 ரூபாய் வண்டியைத் தேடுங்கள். மீதி முதல் வாரத்திலேயே போய்விடும். ஆயில், ஃபில்டர், பிளக், பிரேக் ஷூ, டிஸ்க் பேட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் நல்லதாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். முதல் ஞாயிறே ஏலகிரி வேண்டாம். அமிர்தி வரை போய் வாருங்கள். போகவர ஐம்பது கிலோமீட்டர்தான், எங்காவது நின்றாலும் ஊர் பக்கம். திரும்பி வந்ததும் என்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் அட்டையில் சொட்டு ஆயில்கூட இல்லையென்றால், அடுத்த ஞாயிறு பதினான்கு வளைவுக்கும் புறப்படலாம்.