துணிக்கடை டீமை புட்போல் டீம் மாதிரி ஓட்டுறது எப்படி? (தீபாவளி ரஷ்ஷுக்கு முந்தி படிங்க)

புட்போல்ல இருந்து பிசினஸுக்கு பாடம்னு எழுதுறவங்க எல்லாம் "போராடு, விட்டுக்கொடுக்காத"ன்னு முடிச்சிர்றாங்க. கடையில அது வேலைக்கு ஆகாதுங்க. நல்ல கோச் செய்யிறது யாரு எங்க நிக்கணும், எப்ப ஆள மாத்தணும், அவ்வளவுதான். ஹட்டன்ல நம்ம துணிக்கடையில அத எப்படி செய்யிறோம்னு இங்க எழுதுறேன். மெச் பாக்கிறவங்களுக்கு எழுதுறதால விளையாட்டு ரூல்ஸ் எல்லாம் விளக்கப் போறதில்ல.

ஸ்டெப் 1: இடத்த எழுதுங்க

கேஷ் யாரு, வாசல் யாரு, சாரி மேசை யாரு, மேல் ஸ்டோர் யாரு. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல, அவங்க நகந்தா அந்த இடத்துக்கு வர்ற ஆளோட பேரு. டிஃபென்ஸ்ல ஒருத்தர் மேல ஓடுனா இன்னொருத்தர் பின்னால வந்து மூடுவாரு பாருங்க, அதேதான். சாரி பிரிச்சு காட்டுற அக்கா பிளவுஸ் துணி மேச் பண்ண எழும்பி போனா மேசையில விரிச்சு கிடக்குற சாரிக்கெல்லாம் காவல் யாருன்னு கேட்டு பாருங்க, பாதி லிஸ்ட் தானா வந்துரும்.

இதுக்கு ஆப் எல்லாம் தேவையே இல்ல. சாரி வர்ற காட்போட் பெட்டிய வெட்டி, தடிச்ச மார்க்கர்ல எழுதி ஸ்டோர் கதவுல ஒட்டுங்க. வாட்ஸ்அப் குரூப்புல போட்டா குட் மோர்னிங் படத்துக்கு கீழ போய் ஒளிஞ்சுக்கும்.

ஸ்டெப் 2: ஹாஃப் டைம்

எல்லாரும் சறுக்குற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிப்போம்.

காலையில மஸ்கெலியா, பொகவந்தலாவ பஸ்ஸுல வந்த சனம் பகலுக்கு மேல குறையும், மழை கட்டிருச்சுன்னா ரோடே காலி. அதுதான் உங்க ஹாஃப் டைம். மெச்சுல 15 நிமிஷம், கடையில 10 போதும். முதலாளிமார் நெறைய பேரு இந்த நேரத்துலதான் காலையில இருந்து அடக்கி வச்ச கோவத்த எல்லாம் கொட்டுவாங்க. கொட்டி என்ன ஆகப்போகுது?

2005 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், இஸ்தான்புல். ஹாஃப் டைம்ல ஏசி மிலான் 3, லிவர்பூல் 0. நடுவுல மிலான் ஆட்டக்காரர் காகா இஷ்டத்துக்கு ஓடிட்டு இருக்காரு. லிவர்பூல் கோச் பெனிட்டஸ் டிஃபென்ஸ்ல நின்ன ஃபின்னன வெளிய எடுத்துட்டு நடுவுல ஆடுற ஹாமன உள்ள அனுப்புனாரு, பின்னால மூணு பேரா மாத்துனாரு. ஹாமன் நடுவ மூடுனதும் ஜெரார்டு மேல போக முடிஞ்சுச்சு. ஆறே நிமிஷத்துல மூணு கோல், கடைசியா பெனால்டியில லிவர்பூலுக்கு கப். அவரு அங்க நின்னு கத்திட்டே இருந்திருந்தா காகாவுக்கு நடுவுல அதே இடம் அப்படியே கிடந்திருக்கும்.

கடையில எப்படின்னா, மொதல்ல டீ குடிக்க விடுங்க, யாரும் பேச வேணாம். அப்புறம் ஒரே கேள்வி: "எந்த இடத்துல ஆள் தேங்குது?" யாரு பிழைன்னு கேக்கவே கூடாது. கேஷ்ல வரிசை நிக்குதுன்னா எல்லாரும் "அந்த தங்கச்சி ஸ்லோ"ன்னுதான் சொல்வாங்க. கிட்ட போய் நின்னு பாருங்க, பில்லும் போட்டு, சில்லறையும் எண்ணி, துணிய மடிச்சு பேக்குல போடுறதும் அவதான். மடிக்கிறதுக்கு மட்டும் பக்கத்துல ஒரு ஆள நிறுத்துங்க, வரிசை கரைஞ்சுரும். தங்கச்சிக்கு ஏச்சும் மிச்சம். ஒரு ஹாஃப் டைமுக்கு ஒரு மாத்தம்தான், மூணு மாத்துனா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. என்ன மாத்துனீங்கன்னு ஒரு சிஆர் கொப்பியில ஒரு வரி எழுதி வைங்க.

ஸ்டெப் 3: சின்ன விசயத்த பழகுங்க

2018ல லிவர்பூல் த்ரோ இன்னுக்குன்னே தனியா ஒரு கோச்ச எடுத்தாங்க, டென்மார்க்காரரு, குரோனமார்க். அப்ப சிரிச்சவங்க நெறைய பேரு. ஆனா ஒவ்வொரு மெச்சுலயும் திரும்ப திரும்ப வர்றது த்ரோ இன்தானே. நம்ம கடை த்ரோ இன் எதுன்னா, சைஸ் மாத்த வர்ற ஆளு, கரன்ட் போறது. காலையில ஷட்டர் தொறந்ததும் மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு கைப் பில்லு போட்டு பழகுங்க, கார்பன் பேப்பர் எங்க இருக்குன்னே பாதி பேருக்கு தெரியாது.

ஸ்டெப் 4: ஆள் மாத்துறது

2014 உலகக் கோப்பை காலிறுதி, கோஸ்டா ரிக்காவோட. பெனால்டிக்கு கொஞ்ச நேரம் முந்தி நெதர்லாந்து கோச் வான் கால் கோல்கீப்பர் சில்லசன வெளிய எடுத்துட்டு குருல்ங்கிற இன்னொரு கோல்கீப்பர உள்ள போட்டாரு, குரு‌ல் ரெண்டு பெனால்டிய தடுத்தாரு. குருலுக்கு முன்னாடியே தெரியும், சில்லசனுக்கு சொல்லல. மெச்சுக்கு அது சரியா இருந்திருக்கலாம், நம்ம ஊர்ல செஞ்சீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள கதை டிக்கோயா வரைக்கும் போயிரும், அந்த அண்ணன் மறுநாள் வேலைக்கும் வரமாட்டாரு. அதனால "அஞ்சு மணிக்கு மேல கேஷுக்கு தம்பி வருவான், நீங்க சாரி மேசைக்கு வாங்கண்ணே, பெரிய பில்லு அங்கதான்"னு காலையிலேயே சொல்லிருங்க.

ஸ்டெப் 5: பரிசு

2015ல லெஸ்டர் கோச் ரனியேரி, கோல் வாங்காம ஒரு மெச் முடிச்சா பீட்சான்னு சொன்னாரு. அந்த சீசன்ல இங்கிலாந்து பிரீமியர் லீக்ல அவங்கதான் சாம்பியன். நாங்க பில் பிழை இல்லாத நாளைக்கு கொத்து ரொட்டி. விற்பனைக்கு பரிசு வச்சா கஸ்டமர பிடிச்சு இழுக்க ஆரம்பிப்பாங்க, எனக்கு அது பிடிக்காது.

அப்டேட்: "நாங்க ரெண்டே பேருண்ணே"ன்னு கேட்டவங்களுக்கு, ஸ்டெப் 1ல ரெண்டாவது பேரு மட்டும் முக்கியம். ஒருத்தர் டீக்கு போனா என்ன மூடணும், என்ன தொறந்து இருக்கணும்னு எழுதுங்க. தேயிலை ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருக்க ஒரு தம்பிக்கு, ஷிஃப்ட் மாறுற நேரத்துல ஹாஃப் டைம் வைக்காதீங்க, போறவங்க மனசு வீட்ல இருக்கும். கொழுந்து லொறி வர்றதுக்கு முந்தின இடைவெளிய பிடிங்க.

இன்னொரு அப்டேட்: "அப்பாதான் முதலாளி, நான் சொன்னா கேக்கவே மாட்டாரு"ன்னு எழுதுனவங்கதான் ஜாஸ்தி. பர்குசன் 1986ல இருந்து 2013 வரைக்கும் மான்செஸ்டர் யுனைடெட்ட நடத்துன மனுசன், பயிற்சிய அசிஸ்டென்ட் கோச்மார்கிட்ட விட்டுட்டு ஓரமா நின்னு கவனிப்பாரு. அப்பாவுக்கு அந்த வேலைய குடுங்க. வாசல் பக்கம் ஒரு கதிரைய போட்டு, ஹாஃப் டைம்ல மொதல்ல அவர பேச விடுங்க. கேஷ் சாவி பத்தி மட்டும் தீபாவளி முடியிற வரைக்கும் வாயே தொறக்காதீங்க.