ஸ்வீடனுக்குப் பேரப்பிள்ளை பார்க்கப் போகும் பாட்டிகளுக்கு

மகள் பிரசவத்துக்காக ஸ்டாக்ஹோமில் எண்பது நாள் இருந்துவிட்டு காட்பாடி திரும்பியவள் சொல்கிறேன். நெய், பால்கோவா கட்டாதீர்கள். பயணிகள் வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. சுக்கு, மிளகு போதும். விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும்.

மாப்பிள்ளை பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தால், வேலை போய்விட்டதோ என்று பதறாதீர்கள். நான் பதறினேன். அங்கே ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்குமாக 480 நாள், உதவித்தொகையோடு விடுப்பு. அதில் 90 நாள் அப்பாவுக்கென்றே ஒதுக்கியது, அம்மாவுக்கு மாற்றித் தர முடியாது. அதனால் குளிப்பாட்டுவதை அவரிடமே விடுங்கள். கால் நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்க்கத்தான் நமக்குக் கை பரபரக்கும், சரி, ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

குழந்தையைத் தள்ளுவண்டியில் போர்த்தி, குளிரில் வெளியே தூங்க வைப்பார்கள். சண்டை போடாதீர்கள். காய்ச்சல் என்றால் சி.எம்.சி.க்கு ஆட்டோ பிடிப்பது போல ஓட முடியாது. முதலில் 1177-க்குப் போன் செய்து செவிலியரிடம் பேசச் சொல்லுங்கள்.

அப்புறம், துணி துவைக்கும் அறை குடியிருப்புக்கே பொது. நேரம் பதிந்துவிட்டுப் போங்கள். பத்து நிமிடம் தாண்டியதற்கு எனக்குக் கதவில் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.