சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறும் அப்பா அம்மாவுக்கு: பிள்ளைகள் இருக்கிற வீட்டில் செய்ய வேண்டியவை

இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால், மகன் ஓடி வந்து காலைக் கட்டிப்பிடிப்பான். அவனுக்கு 3 வயது. மகளுக்கு 9. அவள் படியை விட்டு இறங்க மாட்டாள். "அப்பா, முதல்ல ஜக்கெற்றைக் கழட்டுங்கோ" என்பாள். அவளுக்குத் தொய்வு. மாரி தொடங்கினால் நீல இன்ஹேலர் அவளுடைய பென்சில் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

நான் லண்டனில் ஒரு பெற்றோல் ஸ்டேஷன் கடையில் இரவு வேலை செய்கிறேன். சிகரெட்டும் வேப்பும் (மின் சிகரெட்) என் முதுகுக்குப் பின்னால் உள்ள அலுமாரியில்தான் அடுக்கியிருக்கும். 12 வருடம் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி பத்தினேன். வீட்டுக்குள் ஒருநாளும் பத்தியதில்லை. கோடிக்குள், ஷெட்டுக்குப் பக்கத்தில்தான். பிள்ளைகளுக்கு அது போதும் என்று நம்பினேன். போதவில்லை. பத்தி முடித்து உள்ளே வந்த பிறகும் மூச்சில் புகை வருகிறது. ஜக்கெற், தலைமயிர், விரல் எல்லாவற்றிலும் நிக்கொட்டின் படிந்திருக்கிறது. அதே கையால்தான் மகனைத் தூக்கினேன்.

என்னைப்போல மாற நினைக்கிற அப்பா அம்மாவுக்காக, நான் செய்ததையும் பிழைவிட்டதையும் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு என்ன மாறும்

சிகரெட் நாம் இழுக்காத நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் மூச்சில் போவதில் பெரும்பங்கு அந்த நுனிப் புகைதான். அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. யன்னலைத் திறந்தாலும் இரண்டு மூன்று மணித்தியாலம் அறைக்குள் நிற்கும். தொய்வு, காது நோய், நெஞ்சுச் சளி, கைக்குழந்தைகளின் திடீர் தொட்டில் மரணம், இவை எல்லாவற்றோடும் அந்தப் புகைக்குத் தொடர்பு உண்டு.

வேப்பில் எதுவும் எரிவதில்லை. உள்ளே உள்ள கொயில் என்ற கம்பிச்சுருள் சூடாகி, திரவம் ஆவியாகிறது. இழுக்கும்போது மட்டுமே அது வேலை செய்யும். எரியாததால் தாரும் இல்லை, காபன் மொனொக்சைட்டும் இல்லை. ஆனால் நாம் ஊதுவது வெறும் நீராவி என்று நினைக்க வேண்டாம். அதில் நிக்கொட்டினும் புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும் வாசனைச் சேர்மானங்களும் இருக்கின்றன.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2024 இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2017 முதல் 2020 வரை எடுத்த இரத்தப் பரிசோதனைத் தரவு அது. 3 முதல் 11 வயது வரையான 1,777 பிள்ளைகள். வீட்டுக்குள் சிகரெட் புகையில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், வேப் ஆவியில் மட்டும் இருந்த பிள்ளைகளின் உடலில் சேர்ந்த நிக்கொட்டின் ஏறக்குறைய 84% குறைவு. இரண்டுமே இல்லாத பிள்ளைகளில் 97% குறைவு. அந்த 84 ஐக் கண்டு மாறினேன். 84 க்கும் 97 க்கும் இடையில் உள்ள தூரத்தைக் கண்டு, வேப்பையும் வீட்டுக்கு வெளியே வைத்தேன்.

முழுசாக மாறுங்கள்

நான் விட்ட முதல் பிழை இது. இங்கிலாந்தில் சிகரெட்டை நிறுத்த உதவும் இலவசச் சேவை உண்டு. ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) கேட்டால் வழிகாட்டுவார்கள். 2023 இல் அரசு அறிவித்த திட்டத்தின்படி, 10 லட்சம் பேருக்கு வேப் கிற் இலவசமாகக் கொடுப்பதென்று முடிவானது. எனக்கும் ஒன்று கிடைத்தது. முதல் நாள் ஒரு சிறு கருவியில் ஊதச் சொன்னார்கள். மூச்சிலுள்ள காபன் மொனொக்சைட் 24 என்று காட்டியது.

பிறகு பகல் முழுக்க வேப். பிளேன்ரீயோடு மட்டும் சிகரெட், நாளைக்கு மூன்று. ஒரு பெட்டியிலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த முறை ஊதியபோது 11. நேர்ஸ் என்னை ஏசவில்லை. "வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டா. மகளின் தொய்வைச் சொன்னேன். "அப்படியென்றால் அந்த மூன்றும் போக வேண்டும்" என்றா.

அவ சொன்னது சரி. மூன்று சிகரெட்டுக்கும் அதே ஜக்கெற், அதே விரல், அதே கார்தான். தைப்பொங்கலுக்கு அடுத்த நாளைக் கடைசி நாளாகக் குறித்தேன். லைற்றர்களைத் தேடித் தேடி எடுத்ததில் ஒன்பது கிடைத்தன. ஒரு கிழமை கழித்து ஊதினேன். 2.

முழுசாக மாற முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். கடைக்கு வருகிறவர்களிடமும் இதைத்தான் காண்கிறேன். ஒன்று, பயத்தில் நிக்கொட்டின் குறைந்த திரவத்தை வாங்குவது. ஒரு பெட்டி பத்துகிறவருக்கு 5 மில்லிகிராம் காணாது. இரண்டாம் நாளே சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவார். இங்கே சட்டப்படி உச்சம் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம். நான் அதில்தான் தொடங்கினேன். மற்றது, இழுக்கிற விதம். சிகரெட்டைப் போல வெடுக்கென்று இழுத்தால் இருமல்தான் வரும். மூன்று நான்கு விநாடி எடுத்து, மெதுவாக இழுக்க வேண்டும்.

சாமத்திய வீடு, கலியாண வீடு என்றால் இன்னும் கவனம். ஹோல் வாசலில் நாலு பேர் நின்று பெட்டியை நீட்டுவார்கள். சார்ஜ் போட்ட வேப்பும் மேலதிகமாக ஒரு பொட்டும் (வேப்பில் பொருத்தும் திரவக் குப்பி) பொக்கற்றில் இல்லாவிட்டால், அந்த வாசலுக்குப் போகாதீர்கள்.

பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு வரி தனியாக: உங்களுக்கு முதல் தெரிவு நிக்கொட்டின் பட்ச் (தோலில் ஒட்டுவது), கம் (மெல்லுவது) போன்றவை, மிட்வைஃபிடம் (மருத்துவிச்சியிடம்) கேளுங்கள். வேப்பால்தான் சிகரெட்டை நிறுத்த முடிகிறது என்றால், சிகரெட்டுக்குத் திரும்புவதை விட அது எவ்வளவோ மேல்.

பழைய புகையைக் கழுவுங்கள்

சிகரெட்டை நிறுத்திய அன்றே வீடு சுத்தமாகிவிடாது. எங்கள் காரில் கூரையின் உள்பக்கத் துணியை, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தேன். முதல் இழுவையிலேயே துணி பிளேன்ரீ நிறமானது. ஆறு தரம் அலசினேன்; ஆறாவது தரமும் வாளித் தண்ணீர் மஞ்சளாகத்தான் இருந்தது. மகளின் பூஸ்டர் சீற் அதற்கு நேர் கீழேதான் இருக்கும். இத்தனைக்கும் பிள்ளைகள் ஏறியிருக்கும்போது நான் காருக்குள் பத்தியதே இல்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் இருக்கும் காரில் சிகரெட் பத்துவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 ஒக்டோபர் 1 முதல் சட்டவிரோதம். அந்தப் பயம் எனக்கு இருந்தது. வேலைக்குத் தனியாகப் போகும்போது பத்தியதுதான் அவ்வளவும்.

திரைச்சீலை, செற்றி உறை, ஜக்கெற் எல்லாவற்றையும் தோயுங்கள். கார்ச் சட்டம் வேப்புக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்லுவார்கள். உண்மைதான், பொருந்தாது. இருந்தாலும் கார் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஊத வேண்டாம்.

திரவப் போத்தல்

இதை எழுதும்போது எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், குசினி மேசையில் இருந்த 10 மில்லிலீற்றர்ப் போத்தலைக் காணவில்லை. மகன் செற்றிக்குப் பின்னால் சத்தமில்லாமல் இருந்தான். போத்தல் அவன் கையில் இருந்தது. மூடியைச் சுற்றி சின்னச் சின்னப் பல் அடையாளங்கள், வரிசையாக நாலு. மூடி திறக்கவில்லை. அமத்தித் திருப்பினால்தான் திறக்கும் மூடி அது. சட்டம் அப்படிக் கேட்கிறது. அந்த மூடிதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது. மனைவி போத்தலை வாங்கி லேபிளை வாசித்தா. "இஞ்சேருங்கோ, இதில ஸ்ட்ரோபெரிப் படம் போட்டிருக்கு" என்றா. அதற்குமேல் அவவால் கதைக்க முடியவில்லை.

கணக்குப் பாருங்கள். மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்றால் அந்தச் சின்னப் போத்தலுக்குள் 200 மில்லிகிராம் நிக்கொட்டின். சிறு பிள்ளையை ஆபத்தில் தள்ள அதில் கொஞ்சமே போதும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உள்ள முறை இது: போத்தல், பொட், வேப் மூன்றும் பூட்டுள்ள ஒரு தகரப் பெட்டியில், அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும். ஜக்கெற் பொக்கற்றில் விட்டு ஜக்கெற்றைக் கதிரையில் போடுவது கிடையாது. பிள்ளைகள் படுத்த பிறகு, குளியலறைச் சிங்கில் வைத்துத்தான் நிரப்புவேன். சிந்தினால் உடனே துடைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன். நிக்கொட்டின் தோலாலும் உள்ளே போகும். பழப்படம் போட்ட போத்தல் வாங்குவதில்லை. கண் முன்னால்தான் சார்ஜ் போடுவேன், தலையணைக்குக் கிட்டவும் வைக்க மாட்டேன்; லித்தியம் பற்றரி தீப்பிடிக்கக் கூடியது. பழுதானதைக் குப்பை வாளியில் போடாமல் மீள்சுழற்சிக்குக் கொடுப்பேன்.

பிள்ளை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி, எச்சில் ஊறுதல், வியர்வை, முகம் வெளிறுதல், நெஞ்சு படபடத்தல் இவைதான் அடையாளங்கள். வலிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் 999 (அவசர அம்புலன்ஸ்). மற்றபடி உடனே 111 (தொலைபேசி மருத்துவ ஆலோசனை), அல்லது போத்தலையும் கொண்டு நேரே ஆஸ்பத்திரி. தோலில் பட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள்.

வாங்கும்போதும் பாருங்கள். இங்கே நிக்கொட்டின் உள்ள பொட்டுக்கு உச்சம் 2 மில்லிலீற்றர், போத்தலுக்கு 10 மில்லிலீற்றர். அதைத் தாண்டிய பெரிய சாமான் யாராவது தந்தால் அது சட்டப்படி வந்தது அல்ல. ஒருமுறை பாவித்து எறியும் வேப் 2025 ஜூன் 1 முதல் தடை.

பிள்ளைக்கு என்ன சொல்வது

ஒளித்துச் செய்தால் தெரியாது என்று நினைக்காதீர்கள். பஸ் தரிப்பில் நிற்கும்போது மகன் ஒரு பெல்ற் பேனையை வாயில் வைத்து இழுத்து, குளிரில் புகையாய் வரும் தன் மூச்சை மேலே பார்த்து ஊதினான். என்னுடைய தலைச் சரிவு அப்படியே இருந்தது. பத்தும் பெற்றோரின் பதின்ம வயதுப் பிள்ளைகள் தாங்களும் பத்தத் தொடங்கும் வாய்ப்பு 4 மடங்கு என்று இங்கிலாந்து அரசு 2021 இல் ஒரு பிரசாரமே செய்தது. வேப்புக்கு மாறினால் பிள்ளையின் மூச்சு தப்பும்; கண் தப்பாது. அதனால்தான் அவர்கள் பார்க்கிற இடத்தில் இழுக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

மகள் நேரே கேட்டாள்: "அப்பா, நீங்கள் வேப் பண்ணினா நான் ஏன் பண்ணக் கூடாது?" நான் சொன்னது: "குஞ்சு, அப்பா சிகரெட்டுக்கு அடிமையாகிட்டன். அதிலயிருந்து வெளிய வர இது மருந்து மாதிரி. வருத்தமில்லாத ஆள் மருந்து எடுக்கிறேல்லை. இதையும் கொஞ்சம் கொஞ்சமா விடப்போறன்." அவள் ஒரு திகதி கேட்டாள். கொடுத்தேன். பிள்ளைக்குக் கொடுத்த திகதியைத் தள்ளிப்போடுவது கஷ்டம்.

குறைப்பதற்கு அவசரம் வேண்டாம். சிகரெட் நினைப்பு முழுசாகப் போன பிறகுதான் 20 இலிருந்து 10 க்கு வந்தேன்; நாலு மாதம் கழித்து 5. ஒவ்வொரு தரமும் முதல் கிழமை கூடுதலாக இழுக்கத் தோன்றும், பிறகு அடங்கும். திரும்பச் சிகரெட் நினைப்பு வந்தால் ஒரு படி மேலே போங்கள். அதில் வெட்கமில்லை.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு விசயம். இந்தியா 2019 இலேயே வேப்பின் இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாவற்றையும் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது; சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம். அந்த வழியாகப் போகிறவர்கள் பட்ச்சும் கம்மும் கொண்டு போங்கள். போன ஆடியில் சென்னை வழியாக யாழ்ப்பாணம் போனபோது, நானும் தோள்மூட்டில் பட்ச் ஒட்டிக்கொண்டுதான் போனேன். கிணற்றடியில் குளிக்கும்போது அம்மா கண்டுவிட்டா. "என்ன தம்பி, தோளில காயமே?" நான் வாய் திறக்க முதல் மகள் சொன்னாள்: "இல்லை அப்பம்மா, அது அப்பாவின்ர மருந்து. மார்கழி வரைக்கும்தான்."