பிறசர் குளிசை கூடினால் இதயம் படும் பாடு: நாங்கள் விடும் பிழைகள்

வன்னியில் பிறசர் குளிசை கூடிப்போவது பெரும்பாலும் வீட்டுக் குழப்பத்தால்தான். காலையில் போட்டதா இல்லையா என்று ஆச்சிக்குச் சந்தேகம், சரி எதற்கும் ஒன்று போடுவோம் என்று இன்னொன்று. நேற்று விட்டதற்கும் சேர்த்து இன்று இரண்டு போடுவோரும் உண்டு. அம்லோடிபின் என்ற பிறசர் மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணித்தியாலம் எடுக்கும், ஒரு நாள் விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகப் போடத் தேவையே இல்லை.

இதைவிட மோசம், ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குவது. கிளினிக் உறையில் அட்டெனோலோல் என்று இருக்கும், பிரைவேட்டில் காட்டி வாங்கிய அட்டையில் கம்பனிப் பெயர் பெரிதாக, மருந்தின் பெயர் எறும்பு எழுத்தில். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகாமல் பிரைவேட்டுக்குப் போனால் அந்த வைத்தியருக்கு எப்படித் தெரியும்? அட்டெனோலோல் கூடினால் நாடித்துடிப்பு 50, 40 என்று இறங்கி, இதயத்தின் மேலறையில் இருந்து கீழறைக்குப் போகும் மின் சைகையே தடைப்படலாம். அதோடு நாடியைக் குறைக்கும் வேறு பிறசர் மருந்துகளான டில்டியாசெம் அல்லது வெரபமில் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூட. அட்டெனோலோல் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, ஆகவே கிட்னி வருத்தம் உள்ளவர்களுக்கு (வவுனியாப் பக்கம் இது புதுக்கதை இல்லை) வழக்கமான அளவே தேங்கிக் கூடிவிடும்.

கிட்னி பழுதானவர், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் பிறசர் மருந்துகளான லோசாட்டனும் ஸ்பைரோனோலக்டோனும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, வெயிலுக்கு நல்லது என்று பொட்டாசியம் நிறைந்த இளநீரையும் நாள் தவறாமல் குடித்தால், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு குழம்பும், நின்றும் போகலாம். வயிற்றோட்டம் வந்து உடம்பு வற்றியிருக்கும் நாளில் இந்தக் குளிசைகளைத் தொடர்வதா என்று வைத்தியரைக் கேளுங்கள்.

நிபெடிபின் எஸ்ஆர் மெதுவாகக் கரையும் குளிசை. விழுங்கக் கஷ்டம் என்று நசித்துக் கொடுத்தால் பல மணித்தியாலத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கி, பிறசர் சடாரென விழும்.

கூடப் போட்டது தெரிந்தால் “ஆள் நல்லாத்தானே இருக்கிறார், படுத்து எழும்பட்டும்” என்று விடாதீர்கள். எஸ்ஆர் வகையில் மயக்கம் பல மணித்தியாலம் கழித்தும் வரும். உப்புத்தண்ணீர் கொடுத்துச் சத்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வீட்டில் உள்ள உறை, அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய், எத்தனை மணிக்கு எத்தனை போட்டார் என்பதை வாட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.